“சற்று விலகுங்கள்!” — ஹம்பி வீதியின் கதை

துங்கபத்திரை நதியின் தென்கரையில், பெரும் பாறைகள் குவிந்து கிடக்கும் குன்றுகளின் நடுவே, ஹம்பி க்ஷேத்திரத்தின் நாயகராகிய விரூபாக்ஷ சுவாமியின் ஆலயம் இருக்கிறது. அந்த ஆலயத்தின் பின்புறத்தில் ஓர் இருண்ட அறை உண்டு. அதன் சுவரில் சிறு துவாரம் ஒன்று இருக்கிறது. அத்துவாரத்தின் வழியே நுழையும் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழும்போது, கிழக்கே ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்கு ஒன்பது நிலைகளுடன் நிமிர்ந்து நிற்கும் ராஜகோபுரம், அங்கே தலைகீழாகத் தொங்குகிறது! ஹம்பிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்த அதிசயத்தைத் தவறாமல் பார்த்துவிட்டு வருகிறார்கள். காமிரா என்னும் யந்திரத்தின் தத்துவமும் இதுதான். இருட்டறை, சிறு துவாரம், தலைகீழான பிம்பம்; பிறகு வந்ததெல்லாம் கண்ணாடி வில்லையும் ரசாயனமுமே.

அறையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் தங்கள் கையிலுள்ள காமிராவையோ கைபேசியையோ எடுத்துக்கொண்டு கோபுரத்துக்கு எதிரே போய் நிற்கிறார்கள். குடும்பத்தார் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். குறுக்கே ஒரு பூக்காரி கூடையுடன் போகிறாள். மொட்டையடித்த குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு குடியானவர் வருகிறார். “சற்று விலகுங்கள், ஐயா! சற்று அந்தப் பக்கம் போ, அம்மா!” என்று காமிராக்காரர் கையசைக்கிறார். அவர்களும் விலகுகிறார்கள். வீதி காலியாகிறது. படம் வெகு அழகாக விழுகிறது.

இந்த வார்த்தையை நாம் எல்லோருமே எங்கேனும் ஒரு க்ஷேத்திரத்தில் சொல்லியிருப்போம். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், ஹம்பியின் கதையைச் சிறிது ஊன்றிப் பார்த்தால், இந்தச் சின்ன வார்த்தை நூற்றைம்பது வருஷகாலம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, கடைசியில் ஒரு வீதியின் ஜனங்களையே விலக்கி விட்டது என்பது விளங்கும்.

*யாத்திரிகருக்காக ஏற்பட்ட வீதி*

தமிழ்நாட்டாருக்கு ஹம்பி அந்நிய ஊர் அன்று. 1336-ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் விஜயநகர ராஜ்யத்தின் தலைநகரம் அதுவே. மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் ஆண்ட நாயக்கர்கள் அந்த ராஜ்யத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். நம் ஊர்களில் வானளாவி நிற்கும் ராயகோபுரங்களின் பெயரிலேயே விஜயநகரத்து ராயர்களின் ஞாபகம் இருக்கிறது. சிதம்பரத்தின் வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி. ராஜ்ய நிர்வாகத்தில்கூட, ஹம்பி அடங்கிய பல்லாரி ஜில்லா 1953-ஆம் ஆண்டு வரையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

விரூபாக்ஷர் ஆலயம் விஜயநகர ராஜ்யத்துக்கும் முந்தியது. துங்கபத்திரைக்குப் பம்பை என்பது பழம் பெயர். பம்பாதேவி இங்கே தவமிருந்து பரமசிவனை மணந்தாள் என்பது ஸ்தல புராணம். பம்பாபதி என்பது சுவாமிக்கு மற்றொரு திருநாமம். பம்பை என்னும் பெயரே கன்னடத்தில் ஹம்பி என்று திரிந்தது. கிருஷ்ணதேவராயர் பட்டாபிஷேகத்தை ஒட்டி இங்கே மண்டபம் கட்டினார் என்பதை, ஆலயத்திலுள்ள 1510-ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகிறது.

கோபுர வாயிலிலிருந்து கிழக்கே, மதங்க பர்வதத்தின் அடிவாரத்திலுள்ள பெரிய கல் நந்தி வரையில், முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அகன்ற வீதி செல்கிறது. அதன் இரு புறங்களிலும் வரிசை வரிசையாகக் கல் மண்டபங்கள் இருக்கின்றன. இதைத்தான் ஹம்பி பஜார் என்கிறார்கள். இந்த மண்டபங்கள் வெறும் அலங்காரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. சுமார் 1520-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்த தொமிங்கோ பாயஸ் என்னும் போர்த்துக்கீசியர், ஆலயத்துக்கு எதிரிலுள்ள வீதியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அழகிய வீடுகளும் மாடங்களும் வரிசையாக இருந்தன என்றும், யாத்திரை வரும் ஜனங்கள் அவற்றில் தங்கினார்கள் என்றும், பெரிய மனிதர்கள் தங்குவதற்குத் தனி வீடுகள் இருந்தன என்றும், மன்னருக்கும் அவ்வீதியில் ஒரு மாளிகை இருந்தது என்றும் அவர் கூறுகிறார்.

ஆகவே, சுவாமி தரிசனத்துக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் கொடுத்து, சோறு போட்டு, தேங்காய் பழம் பூ விற்று ஜீவனம் செய்யும் மனிதர்களுக்காக ஏற்பட்ட வீதி அது. நம் ஊர்ச் சந்நிதித் தெருக்களைப் போன்றதே. ஆலயம் என்பது கர்ப்பக்கிருகத்தோடு முடிந்துவிடுகிறதா? அர்ச்சகர், மேளக்காரர், பூத்தொடுப்பவர், விளக்கெண்ணெய் கொடுப்பவர், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், யாத்திரிகருக்கு இலை போடுகிறவர் ஆகிய அத்தனை பேரும் சேர்ந்துதானே ஆலயம்?

1565-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தலைக்கோட்டைப் போர் என்று வழங்கும் பெரும் யுத்தத்தில் விஜயநகரத்தின் சேனை தோற்றது. தலைநகரம் சூறையாடப்பட்டது. அரண்மனைகள் அழிந்தன, விட்டலர் ஆலயம் போன்ற மகத்தான கோயில்கள் பூஜையின்றிப் போயின. ஆனால் பம்பாபதிக்கு விளக்கு ஏற்றும் வழக்கம் நின்றுபோகவில்லை. மார்கழியை ஒட்டி நடக்கும் நிச்சயதார்த்த விழாவான பலபூஜையும், சைத்ர மாதத்தில் நடக்கும் கல்யாண உற்சவமும், அதை ஒட்டிய தேர்த் திருவிழாவும் இன்றும் நடக்கின்றன. ராஜ்யம் போயிற்று, வீதியும் திருவிழாவும் போகவில்லை.

*காமிராவின் கண்ணில் விழாதவர்கள்*

இந்த ஊருக்கு முதன் முதலாகப் பெரிய அளவில் காமிராவைக் கொண்டு வந்தவர் கர்னல் அலெக்ஸாண்டர் கிரீன்லா என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1856-ஆம் ஆண்டில் அவர் ஹம்பியைச் சுற்றிச் சுமார் அறுபது படங்கள் எடுத்தார். அந்நாளில் இப்போதுள்ளது போன்ற பிலிமும் கிடையாது, பொத்தானை அமுக்கினால் ஆயிற்று என்ற வசதியும் கிடையாது. மெழுகு பூசிய காகிதத்தில் மருந்து தடவி, அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, நிமிஷக் கணக்கில் வெளிச்சம் படும்படி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசையாமல் நிற்பதுதான் படத்தில் விழும். கல் தூண் விழும்; கோபுரம் விழும்; பாறை விழும். பூக்கூடையுடன் நடந்து போகும் பெண் விழமாட்டாள். அவள் நடந்த தடம் ஒரு மங்கலான புகையாக இருந்தாலும் இருக்கும்; அல்லது அதுவும் இராது.

கிரீன்லாவின் படங்களை நாம் குறைவாக மதிப்பிட முடியாது. அவை நமக்குக் கிடைத்த பெரும் பொக்கிஷம். விட்டலர் ஆலயத்தின் முற்றத்தில் உள்ள கல் ரதத்தை நேயர்கள் அறிவார்கள். 2017-ஆம் ஆண்டில் வெளியான ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பது அதுவே. இன்று மேலே மொட்டையாகக் காணப்படும் அந்த ரதத்தின் உச்சியில் ஒரு காலத்தில் செங்கல்லால் ஆன விமானம் இருந்தது. பிற்காலத்தில் அது எடுக்கப்பட்டு விட்டது. அது எப்படி இருந்தது என்பதைக் கிரீன்லாவின் படத்தில் நாம் கண்ணாரக் காணலாம். அவருடைய மெழுகுக் காகிதங்கள் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, 1980-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிப்பட்டன. ஆஸ்திரேலியரான ஜான் கோலிங்ஸ் 1983-ஆம் ஆண்டில் அதே இடங்களில் போய் நின்று, அதே கோணங்களில் மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தூண் விழுந்தது, எந்தச் சுவர் பழுது பார்க்கப்பட்டது என்பது தெளிவாகிவிடும். புராதனச் சின்னங்களைப் பாதுகாப்போருக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

ஆனால் அந்தச் சாட்சி கல்லைப் பற்றிய சாட்சி. கிரீன்லாவின் காலத்தில் மனிதர்கள் படத்தில் விழாமற் போனதற்கு ரசாயனம் காரணம். பிற்காலத்தில் காமிரா வேகமாயிற்று. ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு போதும் என்றாயிற்று. அப்போதாவது மனிதர்கள் படத்துக்குள் வந்தார்களா? பெரும்பாலும் இல்லை. அதற்குள் ‘ஹம்பி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற ஒரு ருசி ஏற்பட்டு விட்டது. பாறை, பாழடைந்த தூண், பொன்னிறமான மாலை வெயில், ஜன சஞ்சாரமற்ற மௌனம்! ரசாயனம் அகற்றிய மனிதர்களைப் பிறகு ரசனை அகற்றத் தொடங்கியது.

*மறந்தவர்கள் யார்?*

படத்துக்குத் துணையாக எழுத்தும் வந்தது. பல்லாரி ஜில்லாவில் கலெக்டராக இருந்த ராபர்ட் ஸீவெல் 1900-ஆம் ஆண்டில் விஜயநகர சரித்திரத்தை எழுதினார். மிகவும் பாடுபட்டு எழுதிய நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர், ‘மறக்கப்பட்ட ஒரு சாம்ராஜ்யம்’ என்பது. 1917-ஆம் ஆண்டில் புதைபொருள் இலாகாவைச் சேர்ந்த லாங்ஹர்ஸ்ட் என்பவர் படங்களுடன் வெளியிட்ட வழிகாட்டி நூலின் பெயரில் ‘ஹம்பியின் இடிபாடுகள்’ என்ற சொற்கள் இருந்தன. கையில் அப்புத்தகத்துடன் வருகிறவர் எதைத் தேடுவார்? இடிபாடுகளைத்தான் தேடுவார்.

மறக்கப்பட்டது என்றால், யாரால் மறக்கப்பட்டது? பம்பாபதிக்குத் தினந்தோறும் தீபாராதனை செய்தவர்கள் மறக்கவில்லை. வருஷந்தோறும் தேர் வடம் பிடித்தவர்கள் மறக்கவில்லை. நம் நாட்டு அறிஞர்களும் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. பி. சூர்யநாராயண ராவ் 1905-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட விஜயநகர சரித்திரத்துக்கு, ‘என்றும் மறக்கொணாத சாம்ராஜ்யம்’ என்று பொருள்படும் தலைப்பையே கொடுத்தார். தலைப்பிலேயே ஸீவெலுக்குப் பதில் கிடைத்துவிட்டது! 1936-ஆம் ஆண்டில், அந்நகரம் நிறுவப்பட்டதன் அறுநூறாவது ஆண்டு ஞாபகார்த்தமாகத் தார்வாரில் ஒரு மலரும் வெளியிட்டார்கள்.

விந்தை என்னவென்றால், ஸீவெல் துரையின் புத்தகத்துக்குள்ளேயே பாயஸின் வர்ணனையும் மொழிபெயர்த்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது, யாத்திரிகர்கள் தங்கும் ஜீவனுள்ள வீதியைப் பற்றிய சாட்சியும் அதே நூலில் இருக்கிறது. ஆனால் ஜனங்களின் மனத்தில் பதிந்தது உள்ளே இருந்த வீதி அல்ல. அட்டையின் மேல் இருந்த பெயர்தான்.

*வருமானம் வந்தது*

நாடு சுதந்திரம் பெற்றது. 1986-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. படங்கள் உலகெங்கும் பரவின. பூஜைக்கூடையுடன் வரும் யாத்திரிகர்களோடு, முதுகிலே மூட்டையும் கழுத்திலே காமிராவும் உடைய உல்லாசப் பிரயாணிகளும் திரளாக வரத் தொடங்கினார்கள்.

அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், காபி வேண்டும், சைக்கிள் வேண்டும், நதியைக் கடக்கப் பரிசல் வேண்டும். பஜாரின் பழைய கல் மண்டபங்களில் சில குடும்பங்கள் தலைமுறையாகவும், சில குடும்பங்கள் சில பத்தாண்டுகளாகவும் வசித்து வந்தன. இவர்கள் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். தூண்களுக்கு நடுவே செங்கற் சுவர் எழுந்தது. அருகே மாடி வீடுகள் முளைத்தன. வளையலும் துணிப்பையும் போட்டோ அட்டைகளும் விற்கும் கடைகள் பெருகின. பரிசல்காரர்கள் மீன் பிடிப்பதைவிடப் பிரயாணிகளை ஏற்றுவதில் அதிகம் சம்பாதித்தார்கள். ஆலயத்து யானையான லக்ஷ்மி காலையில் நதியில் குளிக்கும் காட்சிக்கே, படித்துறையில் காமிராக்களுடன் ஒரு கூட்டம் காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் நாம் பொதுப்படையாகக் கண்டிக்க முடியாது. ஏழை எளியவர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். யாத்திரிகருக்கு இடம் கொடுத்துப் பிழைப்பது ஐந்நூறு வருஷமாக அவ்வீதியின் தொழில் அல்லவா? ஆனால் தீங்கும் உடன் வந்தது. புராதனக் கற்களின் மேல் சிமெண்டு ஏறியது. மண்டபத்தின் தோற்றமே சில இடங்களில் மறைந்து போயிற்று. கட்டுப்பாடு செய்ய வேண்டியவர்கள் காலத்தில் செய்யவில்லை.

1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஹம்பியை ‘ஆபத்திலுள்ள சின்னங்கள்’ என்ற பட்டியலில் சேர்த்தது. முக்கியமான காரணம் கடைவீதி அல்ல. துங்கபத்திரையின் குறுக்கே சர்க்கார் கட்டிய பாலங்கள்தான். 2002-ஆம் ஆண்டில் ஹம்பிக்கென்று ஒரு தனி நிர்வாக அதிகார சபையை ஏற்படுத்தச் சட்டம் செய்தார்கள். 2006-ஆம் ஆண்டில் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஹம்பி நீங்கியது. ஆனெகுந்திக்குப் போகும் பாலமோ, 2009-ஆம் ஆண்டில் கட்டி முடியும் முன்னரே இடிந்து விழுந்து, தொழிலாளிகளின் உயிரைக் குடித்தது. இவ்வளவுக்கும் பிறகு நிர்வாகத்தின் பார்வை கடைவீதியின் மீது திரும்பியது.

*ஒரே நாளில்*

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. நீதிமன்றத்தின் கட்டளையை ஆதாரமாகக் காட்டி, மண்டபங்களில் இருந்தவர்கள் உடனே காலி செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஒரு நாள் அவகாசங்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மறுநாள் யந்திரங்கள் வந்தன. சுவர்களும் கூரைகளும் கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீதியை விட்டு வெளியேற நேர்ந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டிராம்புரத்தில் அவர்களுக்கு மனை கொடுப்பது என்று ஏற்பாடு ஆயிற்று.

சர்க்கார் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. புராதன மண்டபம் தேசத்தின் பொதுச் சொத்து. அதில் செங்கல் வைத்துக் கட்டுவதற்கு ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. இன்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளை நூறு பேர் வருவார்கள். இந்த வாதம் முழுவதும் உண்மை.

ஆனால் மறுபக்கத்தில் இன்னோர் உண்மை இருக்கிறது. மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டதோ, அந்தக் காரியத்தைத் தப்பும் தவறுமாகவேனும் செய்து வந்தவர்கள் அவர்களே. கல்லை மறைத்த சுவரை அகற்றுவது ஒரு விஷயம். வீதிக்கு உயிராக இருந்த மனிதரை அகற்றுவது வேறு விஷயம். மாடியை இடித்துவிட்டுக் கடையை அனுமதித்திருக்கலாம். சந்நிதிக்கு அருகிலேயே வேறு இடம் கொடுத்து, குடிபோக ஒரு வருஷம் தவணை தந்திருக்கலாம். எந்தக் குடும்பம் ஆலயத்தில் என்ன ஊழியம் செய்கிறது என்று ஒரு கணக்கு எடுத்திருக்கலாம். தூணுக்கும் சிற்பத்துக்கும் எண் போட்டு ஜாபிதா தயாரிக்கத் தெரிந்த நமக்கு, மனிதருக்கு ஒரு ஜாபிதா தயாரிக்கத் தெரியாதா?

‘பஜார்’ என்ற பெயர் மட்டும் இப்போது வீதிக்கு இருக்கிறது. பழைய குடித்தனங்கள் அங்கே இல்லை. போட்டோ எடுப்பதற்கு அது வெகு வசதியான இடம். ‘சற்று விலகுங்கள்’ என்று கையசைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கிரீன்லாவின் மெழுகுக் காகிதத்தில் மனிதர்கள் இல்லாமல் இருந்ததுபோலவே, வீதியிலும் மனிதர்கள் இல்லாமல் ஆகிவிட்டது. முதலில் ஊரைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். பிறகு படத்தைப் பார்த்து ஊரைத் திருத்தினார்கள்.

*புகழும் பழியும்*

கதை அத்துடன் முடியவில்லை. வீதியில் அறை கிடைக்காத பிரயாணிகளில் பலர் நதியைக் கடந்து, எதிர்க்கரையிலுள்ள விரூபாபுர கட்டி என்னும் இடத்துக்குப் போனார்கள். அங்கே வயல்களின் நடுவே விடுதிகள் பெருகின. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை, அவ்வருஷம் உலகில் பார்க்கத்தக்க 52 இடங்களைப் பொறுக்கி, அதில் ஹம்பிக்கு இரண்டாவது ஸ்தானம் கொடுத்தது. அடுத்த வருஷமே, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், எதிர்க்கரை விடுதிகள் சட்ட விரோதமானவை என்ற தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. மார்ச் மாதத்தில் அவையும் இடிக்கப்பட்டன. புகழ் ஜனங்களை வரவழைக்கிறது. ஜனங்கள் விடுதிகளை வரவழைக்கிறார்கள். விடுதிகள் இடிக்கும் யந்திரத்தை வரவழைக்கின்றன. இதில் லாபம் அடைகிறவர் எங்கேயோ இருக்க, வீட்டை இழக்கிறவர் உள்ளூர்க்காரராகவே இருக்கிறார்.

காலியான கற்களாவது பத்திரமாக இருக்கின்றனவா? 2019-ஆம் ஆண்டில் சில வாலிபர்கள் ஹம்பியில் ஒரு கல் தூணைத் தள்ளிச் சாய்க்கும் காட்சி கைபேசியில் படம் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அவர்கள் பிடிபட்டார்கள். தலைக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்து, தள்ளிய தூணை அவர்களைக் கொண்டே நிமிர்த்தி வைக்கும்படி நீதிமன்றம் செய்தது. தக்க தண்டனைதான். ஆனால் அந்தத் தூணின் அருகே பூக்கடை வைத்திருக்கும் பாட்டி ஒருத்தி இருந்திருந்தால், அவர்கள் கை ஓங்கியபோதே, “அடே! என்ன காரியம் செய்கிறாய்?” என்று கேட்டிருக்க மாட்டாளா? காவலர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். வீதியின் ஜனங்களோ இரவும் பகலும் அங்கேயே இருப்பவர்கள்.

*நாம் செய்யத் தக்கது*

காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், தமிழ்நாட்டு ஆலயங்களுக்குள் கைபேசியைக் கொண்டு செல்லக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. சந்நிதியின் பரிசுத்தத்துக்கு அது அவசியமாக இருக்கலாம். ஆனால் தடை உத்தரவு கர்ப்பக்கிருகத்தைக் காக்கும். கோபுர வாசலுக்கு வெளியே உள்ள வீதியைக் காக்காது. வீதியைக் காப்பது நம்முடைய நடத்தையே.

ஹம்பிக்கோ, வேறு எந்த க்ஷேத்திரத்துக்கோ போகிற குடும்பத்தார் சில சின்னக் காரியங்களைச் செய்யலாம். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் படம் எடுக்க விரும்பினால், முதலில் அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எடுக்க வேண்டும். தீபாராதனை நடக்கையில் கண் கூசும் வெளிச்சத்தைப் பாய்ச்சலாகாது. தூணின் மேல் ஏறி நின்றும், இசைத் தூணைத் தட்டியும் படம் எடுத்துக்கொள்ளலாகாது. சாமான்களையெல்லாம் பட்டணத்தில் வாங்கிக்கொண்டு போகாமல், பூவையும் பழத்தையும் அந்த வீதியிலேயே வாங்கலாம். பரிசல்காரருக்கு நியாயமான கூலி கொடுக்கலாம். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அதில் உள்ளவருக்கு அனுப்பி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கே வருகிறவரை விலகச் சொல்லாமல், அவரும் படத்தில் இருக்கட்டும் என்று விடலாம். நாற்பது வருஷம் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் நம் பேரக் குழந்தைகளுக்குக் கோபுரம் எப்போதும்போல் நேரில் கிடைக்கும். அன்று கூடையுடன் போனவள் படத்தில்தான் கிடைப்பாள்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம். புராதனச் சின்னம் என்று பலகை நடும்போது, அது பூஜையில் உள்ள சின்னமா, பூஜையற்ற சின்னமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விட்டலர் ஆலயத்துக்கு வேண்டிய பாதுகாப்பு வேறு. விரூபாக்ஷர் வீதிக்கு வேண்டிய பாதுகாப்பு வேறு. முன்னது கல்லைக் காப்பது; பின்னது வாழ்க்கையைக் காப்பது. நம் மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலும் உள்ள சந்நிதி வீதிகளை அழகுபடுத்தவும் அகலப்படுத்தவும் திட்டம் போடுகிறவர்கள், ஹம்பியின் கதையை ஒரு தரம் படித்துவிட்டுப் பிறகு கையெழுத்திடுவார்களாக.

சைத்ர மாதத்தில் பம்பாபதியின் கல்யாணம் முடிந்ததும், சுவாமியும் தேவியும் தேரில் ஆரோகணித்து அந்த நீண்ட வீதியில் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். அன்றைக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறார்கள். வீதியை விட்டுப் போனவர்களும் வருகிறார்கள். அன்று அவ்வீதியில் யாராலும் காலியான படம் எடுக்க முடியாது. ‘சற்று விலகுங்கள்’ என்று சொல்லவும் முடியாது. சொன்னால் தேர் நகராது. வடம் பிடிக்கக் கைகள் வேண்டும். ஹம்பியைப் பார்க்க விரும்பும் நேயர்கள், முடிந்தால் அந்த நாளில் போய்ப் பாருங்கள். காமிராவைச் சிறிது நேரம் தோளில் மாட்டிக்கொண்டு, வடத்தையும் ஒரு கை பிடியுங்கள்.